பாக்டீரியா ரைபோசோமும் நம் ரைபோசோமும்: எதில் ஒன்று, எதில் வேறு?

ரைபோசோம் என்பது செல்லுக்குள் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் இயந்திரம். பாக்டீரியாவினுடையதையும் நம்முடையதையும் அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது அளவு. பாக்டீரியாவினுடையது 70எஸ். துண்டுகள் 30எஸ், 50எஸ். நம் செல்களில் இருப்பது 80எஸ். துண்டுகள் 40எஸ், 60எஸ். (கூட்டினால் கணக்கு இடிக்கும். எஸ் என்பது எடை அல்ல, மையவிலக்கியில் சுழற்றும்போது எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதற்கான அளவு.)

வேகத்தில் பாக்டீரியா முந்துகிறது. ஈ.கோலை என்ற பாக்டீரியா செழித்து வளரும்போது ஒரு ரைபோசோம் நொடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்களைக் கோத்துவிடும். நம்முடையது சுமார் 5.

ஆனால் உண்மையான வித்தியாசம் தொடக்கத்தில்தான் இருக்கிறது. புரதத்துக்கான செய்தியை மரபணுவிலிருந்து கொண்டுவரும் எம்ஆர்என்ஏவில் எங்கிருந்து படிப்பது? பாக்டீரியாவில் ‘இங்கே தொடங்கு’ என்று சொல்லும் ஏயுஜி குறியீட்டுக்குச் சற்று முன்னால் ஷைன்-டால்கார்னோ வரிசை என்ற சிறு எழுத்துத் தொடர் இருக்கும். ரைபோசோமின் பகுதியான 16எஸ் ஆர்என்ஏ அதோடு இணைசேர்ந்து நேராக அங்கேயே இறங்கிவிடும். அதனால் ஒரே எம்ஆர்என்ஏவிலிருந்து பல புரதங்களைத் தனித்தனியாகத் தொடங்க முடிகிறது. பாக்டீரியாவுக்கு உட்கருவும் இல்லை, அதனால் எம்ஆர்என்ஏ முழுதாக எழுதி முடியும் முன்பே படிப்பும் ஆரம்பமாகிவிடும்.

நம் செல்லில் 40எஸ் துண்டு பெரும்பாலும் எம்ஆர்என்ஏவின் தொடக்க முனையில் இருக்கும் ‘தொப்பி’ என்ற வேதி மூடியில் ஏறி, அங்கிருந்து நகர்ந்து நகர்ந்து ஏயுஜியைத் தேடுகிறது. பாக்டீரியாவுக்கு 3 தொடக்கக் காரணிகள் (படிப்பைத் தொடங்க உதவும் புரதங்கள்) போதும். இங்கே பத்துக்கும் மேல் வேண்டும். வீண் சுற்று போலத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. வைரஸ் நுழைந்தால் இஐஎஃப்2 என்ற ஒரே காரணியில் பாஸ்பேட்டை ஒட்டி, பெரும்பாலான புரத உற்பத்தியைச் செல் நிறுத்திவிடுகிறது. இத்தனை படிகள் இருப்பதால்தான் இப்படி ஒரு பிடி கிடைக்கிறது.

சரி, இரண்டும் ஒத்துப்போவது எங்கே? அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பைப் போடும் இடத்தில். இரண்டிலும் அந்த வேலையைச் செய்வது புரதம் அல்ல, ஆர்என்ஏ. ரைபோசோமின் கட்டமைப்பை அணு அளவில் காட்டியதற்காக வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டெய்ட்ஸ், அடா யோனத் மூவரும் 2009இல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

சின்ன வித்தியாசம்கூட மருத்துவத்தில் பெரிது. எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாக்டீரியா ரைபோசோமில் புரதம் வெளியேறும் பாதையை அடைக்கிறது. அது ஒட்டுமிடத்தில், ரைபோசோம் ஆர்என்ஏவில் பாக்டீரியாவுக்கு ‘ஏ’ எழுத்து, நமக்கு ‘ஜி’. நம் ரைபோசோம் தப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் நம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியா வம்சம். அதன் 12எஸ் ஆர்என்ஏவில் 1555ஆம் இடத்து ‘ஏ’, ‘ஜி’யாக மாறியவர்களுக்கு அந்தப் பகுதி பாக்டீரியாவை இன்னும் ஒத்துவிடும். அவர்களுக்கு பாக்டீரியா ரைபோசோமைத் தாக்கும் ஜென்டாமைசின் போன்ற மருந்தைக் கொடுத்தால் செவித்திறன் நிரந்தரமாகவே போய்விடலாம்.