கிரெடிட்டுக்குப் பின்னால் நிற்கும் புள்ளி

நாணயம் போட்டு, சாய்ந்த மேடையில் உருளும் பந்தைத் தட்டி ஆடும் பழைய பின்பால் மெஷின் ஒன்றின் விலை சற்று இறங்கியிருப்பதாகவும், டபிள்யூபிசி-95 என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை உள்ள அந்த மெஷின் தன் பழுதைத் தானே சொல்லிவிடும் என்று விற்பவர் உறுதி கூறுவதாகவும், அதை நம்பி வாங்கலாமா என்றும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டிருந்தார். அதே வகைப் பலகை உள்ள மெஷின் ஒன்பது ஆண்டுகளாக சிகாகோ புறநகரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நிற்கிறது. ஏழு மாதமாக என்னை அலைக்கழித்த பழுதை நான் கண்டுபிடித்து முடித்ததும் அதே வாரத்தில்தான் என்பதால், என் பதிலில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கும்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின்களின் சோதனைப் பட்டியலைப் போல எனக்கு உதவிய ஆசிரியர் வேறு யாரும் இல்லை. நாணயக் கதவைத் திறந்தால் உட்புறத்தில் நான்கு பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு டி.1 என்னும் ஸ்விட்ச் சோதனைக்குள் நுழைந்தால், எட்டு நிரல், எட்டு நிரை என 64 இடங்கள் கொண்ட கட்டம் திரையில் விரியும். மூடியிருக்கும் ஸ்விட்ச் சிறு சதுரமாகவும் திறந்திருப்பது புள்ளியாகவும் தெரியும். மேடையில் ஒரு இலக்கை விரலால் அழுத்தினால் அதன் பெயர், எண், அதற்குச் செல்லும் இரு கம்பிகளின் நிறம் எல்லாமே வந்து நிற்கும். நிரலுக்குப் பச்சையில் கோடிட்ட கம்பி, நிரைக்கு வெள்ளையில் கோடிட்ட கம்பி. மின்னணுவியல் படிக்காத நான், மேடையைத் தூக்கி நிறுத்தி, திரை சொன்ன நிறத்தைப் பிடித்துக்கொண்டே போய் அறுந்த முனையைக் கண்டு ஒட்டிய முதல் நாளை இன்னும் மறக்கவில்லை. 24ஆம் எண் ஸ்விட்ச் எப்போதும் மூடியே இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். அது மூடியதாகத் திரையில் தெரியாவிட்டால் தனி ஸ்விட்சை விட்டுவிட்டு, கட்டத்தை வாசிக்கும் சுற்றையே சந்தேகிக்க வேண்டும் என்பது எவ்வளவு நல்ல யோசனை!

திரையில், மீதமுள்ள ஆட்டங்களைக் காட்டும் கிரெடிட் எண்ணுக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி தோன்றினால் மெஷின் ஏதோ சொல்ல விரும்புகிறது என்று பொருள். நாணயத்தைப் போட்டு ஆட வருபவர் கண்ணில் அது படாது. பராமரிப்பவர் மட்டும் அறிவார். ஏழு மாதங்களுக்கு முன் அந்தப் புள்ளி தோன்றியது. கதவைத் திறந்து அறிக்கையைப் பார்த்தேன். பந்துகள் காத்திருக்கும் தொட்டியின் 32ஆம் எண் ஸ்விட்சைப் பார்க்கச் சொன்னது. அது ஆப்டோ, அதாவது ஒளிக்கதிர் குறுக்கிடப்படுவதை வைத்துப் பந்து இருப்பதை அறியும் ஸ்விட்ச். இந்த வகைக்குத் திரையில் கணக்கு தலைகீழ். பந்து இல்லாதபோதுதான் சதுரம் தெரியும். பந்துகளை எடுத்தேன், சதுரம் வந்தது. பந்துகளை வைத்தேன், புள்ளியானது. குறையே இல்லை. கதவை மூடி ஆடினால், மூன்றாவது ஆட்டத்தில் ஒரு பந்து போக வேண்டிய இடத்தில் இரண்டு பந்துகள் தள்ளப்பட்டன.

இது ஏழு மாதம் நடந்தது. சில ஆட்டங்களுக்குப் பின் புள்ளி மறையும், பிறகு திரும்ப வரும். வரவழைத்த பழுதுநீக்குநர் ஒருவர், நான் நூறு முறை பார்த்த அதே கட்டத்தை எனக்குக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போனார். சோதனை சரி என்று சொன்னதையே அவர் நம்பினார் என்பதால் அவரை முழுமையாகக் குறைசொல்லவும் முடியவில்லை.

என் எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது. சோதனைப் பொத்தான்கள் கதவுக்கு உள்ளே இருக்கின்றன. கதவைத் திறந்தாலோ, பந்தை உதைக்கும் மின்காந்தச் சுருள்களான காயில்களுக்குப் போகும் சுமார் 70 வோல்ட் மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடுகிறது. கையை உள்ளே விடுபவரைக் காக்கும் ஏற்பாடு அது, அதில் எனக்குப் புகார் இல்லை. கதவு திறந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் பூட்டு ஸ்விட்சின் தண்டை வெளியே இழுத்து வைத்தால் மின்சாரம் திரும்பக் கிடைத்துவிடும். அதன் பிறகும், காயில்களை இயக்கும் டி.4 சோதனை ஸ்விட்ச் கட்டத்தைக் காட்டுவதில்லை, கட்டத்தைக் காட்டும் டி.1 எந்தக் காயிலையும் இயக்குவதில்லை. ஆகவே ஸ்விட்சுகள் எப்போதும் அசைவற்ற மெஷினில்தான் சோதிக்கப்படுகின்றன. ஆட்டத்தின்போது தொட்டியின் காயில் பந்தை உதைக்கும் ஒவ்வொரு முறையும் அதன் இருபுறமும் பொருத்தப்பட்ட ஆப்டோ பலகைகள் அதிர்கின்றன. அந்த அதிர்வில் மட்டும் விட்டுப்போகும் இணைப்பை அசைவற்ற சோதனை எப்படிக் காணும்?

சென்ற வாரம் டி.1இல் இருந்தபடியே, தொட்டியின் பக்கத்தில் திருப்புளியின் பிடியால் மெதுவாகத் தட்டினேன். 32ஆம் கட்டம் ஒரு கணம் துடித்து அடங்கியது. பலகையைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, ஒரு ரெசிஸ்டரின் காலைச் சுற்றிச் சால்டரில் முடியளவு மெல்லிய வட்ட விரிசல் தெரிந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டு உதையின் விளைவு அது. பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அன்று முதல் புள்ளி வரவில்லை.

இத்தனை புகழ்ச்சிக்குப் பிறகும், நண்பரே, இந்த வாரம் என்னைக் கேட்டால் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். மெஷின் தன் பழுதைத் தானே சொல்லும் என்ற நம்பிக்கையில் நீங்கள் வாங்குவதாக இருந்தால், அந்த நம்பிக்கை என் ஏழு மாதத்தைத் தின்றது என்பதை அறிந்துகொள்ளுங்கள். மனம் கேட்கவில்லை என்றால், விற்பவர் வீட்டுக்கு ஒரு திருப்புளியுடன் போங்கள். கதவைத் திறந்து டி.1இல் வைத்து, அவர் அனுமதியோடு தொட்டியின் இருபுறமும் பொறுமையாகத் தட்டிப் பாருங்கள். கட்டம் துடித்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். சால்டர் கம்பியோடு நான் வருகிறேன்.