இருபடி மர ஸ்டூல்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

இரண்டு வயது நிறைந்த எங்கள் மகள் எதற்கெடுத்தாலும் "நானே, நானே" என்று அடம்பிடிக்கத் தொடங்கிய நாட்களில், அவளை இடுப்போடு தூக்கிப் பிடித்துக் கைகழுவி விட்டே பழகியிருந்த நாங்கள் இந்த ஸ்டூலை வாங்கினோம். படி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 செ.மீ. உயரம். ஒரே படியில் இரு கால்களையும் வைத்த பின்பே அடுத்ததில் ஏறும் வயது என்பதால், இரு பாதங்களும் தாராளமாக நிற்கும்படி படிகளை அகலமாக அமைத்திருப்பது பாராட்டத்தக்கது.

முன்பு அவள் கைகளை நீட்டுவாள், நாங்கள் தேய்த்துவிடுவோம். இப்போது ஏறி நின்று, வாஷ்பேசின் விளிம்பை ஒரு கையால் பற்றியபடி குழாயைத் தானே திறக்கிறாள். உள்ளங்கைகளை நுரை பொங்கத் தேய்த்துவிட்டுப் புறங்கைகளை மட்டும் மறந்துவிடுகிறாள். கைகழுவ 20 வினாடிகள் போதும் என்பார்கள். அவளுக்கோ ஐந்து நிமிடம் ஆகிறது, சட்டைக் கையும் நனைந்துவிடுகிறது. காலை நேரத்தில் இதற்குப் பொறுமை வேண்டும் என்பதை ஸ்டூலின் குறையாகச் சொல்ல முடியாது.

உண்மையான குறை அதன் எடை. 1907-இல் ரோம் நகரில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கிய கல்வியாளர் மரியா மாண்டிசோரி, அங்கே குழந்தைகளே நகர்த்தக்கூடிய எடை குறைந்த மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். அவர் பெயரை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டு விற்கப்படும் இந்த ஸ்டூலை என் மகளால் ஓர் அங்குலம்கூட இழுக்க முடிவதில்லை. கனமாக இருப்பதால் கவிழாது என்பது சரிதான், ஆனால், வேறிடத்தில் தேவைப்படும்போதெல்லாம் "அம்மா, ஸ்டூல்!" என்று அவள் என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

நான்காம் மாதத்தில் அடியிலுள்ள நான்கு ரப்பர்களில் இரண்டு கழன்று விழுந்து, ஈரத் தரையில் ஸ்டூல் வழுக்கத் தொடங்கியது. விற்றவர்களுக்கு இருமுறை எழுதியும் பதில் இல்லாததால், நாங்களே வேறு ரப்பர் வாங்கி ஒட்டினோம். வாங்குபவர்கள் முதல் நாளே அவற்றை இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது ஸ்டூலை வாஷ்பேசினுக்குக் கீழேயே நிரந்தரமாக விட்டுவிட்டோம். பெரியவர்கள் ஒருக்களித்து நின்றுதான் முகம் கழுவுகிறோம். அவளோ காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே போய், கீழ்ப்படியில் உட்கார்ந்து, இடம் வலம் மாற்றியாவது தானே மாட்டிக்கொண்டு வருகிறாள்.