எந்தப் பையனை விடலாம்? அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் விமர்சனம்

அமெரிக்க பேஸ்பாலில் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் ‘டிரேடு’க்கான கெடு ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ முடியும். அண்மை ஆண்டுகளில் நம் நேரப்படி விடியற்காலை 3.30. இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு இருந்தால் கிருஷ்ணகிரியில் அதற்காகக் கண்விழிக்க வேண்டாம். இதில் மட்டையைப் பிடிக்க முடியாது, அணியின் நிர்வாகிதான் நாம். ஒவ்வொரு நாளாகவும் ஓட்டலாம், ஒரு வாரத்தை ஒரே மூச்சிலும் ஓட்டலாம். ஓசூர் ஷிப்ட் வேலைக்காரர்களுக்குத் தோது.

இதன் உயிர் டிரேடு பகுதி. வளரும் பையன்களில் யாரைக் கொடுத்து, இந்த வருடமே ஜெயிக்க ஒரு பெரிய ஆளை வாங்குவது? மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விடுகிற கணக்குதான் இது. காற்றும் மழையும் இனி வாங்கியவர் பாடு, காய்த்துக் குலுங்கினால் வயிறெரிவது நம் பாடு.

வெளி ஆள் தர வரிசையைப் பார்த்துக் கடைசியில் இருப்பவனை விற்பான். விளையாட்டு அப்படி விடாது. மற்ற அணிகள் தொட முடியாதபடி பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இடம் 40 பேருக்குத்தான். 18 வயதுக்குள் ஒப்பந்தமானவனுக்கு ஐந்தாவது டிசம்பருக்குள்ளும், 19 வயதிலோ அதற்கு மேலோ ஒப்பந்தமானவனுக்கு நான்காவதுக்குள்ளும் அந்தப் பட்டியலில் இடம் தராவிட்டால், ‘ரூல் 5’ தேர்வில் வேறு அணி 1,00,000 டாலருக்குத் தூக்கிக்கொண்டு போகும். ஆகவே ஜூலையிலேயே, வரும் நவம்பரில் இடம் கேட்கப்போகிறவர்களை எண்ணுங்கள். ஆறு பேர் நிற்கிறார்கள், இடம் மூன்றுதான் என்றால், மிச்ச மூவரும் இன்றைக்கு விற்க வேண்டிய சரக்கு. டிசம்பரில் கிட்டத்தட்ட சும்மா போகிற ஆளுக்கு ஜூலையில் விலை உண்டு.

அடுத்து, களத்தில் ஆடும் இடம். உங்கள் ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவன்) 24 வயது, இன்னும் ஐந்து வருடம் கையில் இருப்பான் என்றால், பின்னால் வரும் ஷார்ட்ஸ்டாப் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் விற்கலாம். 2016-ல் சிகாகோ கப்ஸ் இளம் ஷார்ட்ஸ்டாப் க்ளேபர் டோரஸைக் கொடுத்து, பந்து வீசும் பிட்சர் அரோல்டிஸ் சாப்மனை வாங்கியது இந்தக் கணக்கில்தான். 108 வருடத்துக்குப் பிறகு கோப்பை வந்தது. அதே வருடம் ஜூனில் வைட் சாக்ஸ் அணி பிட்சர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காக 17 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரைக் கொடுத்தது. பையன் அதுவரை ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. 2021-ல் அவன் 42 ஹோம் ரன் அடித்தான். பதினேழு வயதுப் பையனை முப்பத்தைந்தை நெருங்கும் பிட்சருக்கு விற்கலாமா என்று விளையாட்டு எச்சரிக்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.

இளம் பிட்சரா, இளம் பேட்டரா என்ற குழப்பம் வந்தால் பிட்சரை விற்றுவிடுங்கள். முழங்கைத் தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது ஒரு வருடம் போச்சு. அந்த ஆபத்து விளையாட்டிலும் அப்படியே இருக்கிறது.

குறைகளும் உண்டு. திறன் மதிப்பெண் 20 முதல் 80 வரை; 50 என்றால் சராசரி ஆள். நாம் பார்ப்பது ஆட்களின் திறமையை எடைபோடும் நம் ஸ்கவுட்டின் கணிப்பு, அதில் பிழை இருக்கும். ஸ்கவுட்டிங் பட்ஜெட்டை வெட்டிவிட்டு 70 என்று வந்ததை நம்பி ஏமாறுகிறவர்களே அதிகம். இரண்டாவது ஆண்டிலேயே மதிப்பெண் கிடுகிடுவென ஏறி இறங்குவது எரிச்சலாக இருந்தால், திறமை மாற்றத்தின் தற்செயல் அளவை 100-லிருந்து கீழே இறக்குங்கள். எதிரணிக் கம்ப்யூட்டரின் டிரேடு கடினத்தைக் கூட்டியே ஆக வேண்டும். எளிதில் வைத்தால் சுமாரான நாலு பையன்களை மொத்தமாகக் கட்டிக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்கிவிடலாம், பிறகு விளையாட ஒன்றும் இருக்காது. கூடவே கம்ப்யூட்டர் அணிகள் அனுபவசாலிகளை விரும்புமா, இளைஞர்களையா என்ற அமைப்பை நடுநிலையில் விடுங்கள்.

திரை முழுக்கப் பொடி எழுத்து அட்டவணை, தமிழ் கிடையாது. சின்ன லேப்டாப்பில் கண் வலிக்கும். புதுப் பதிப்பு வருடா வருடம் மார்ச் வாக்கில் வரும்; ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடிக்குச் சில மாதம் பொறுத்து வாங்கினால் போதும்.