மெழுகு கலந்த சாயத்தண்ணீருக்குக் கரிச்சவ்வா, சுருள் சவ்வா?

திருகோணமலை உப்புவெளியில், மெழுகு பூசித் துணிக்குச் சாயமிடும் எங்கள் பத்திக் (batik) கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் இடையில் முப்பது அடிகூட இல்லை. மணல் நிலம், சாயத்தண்ணீரை வெளியே ஊற்றினால் நேரே கிணற்றடிக்கு இறங்கும். வடிகட்டி தேடியது அதற்காகத்தான்.

முதலில் பார்த்தது சிரட்டைக்கரி. இலங்கையில் தாராளமாகக் கிடைக்கும், விலையும் கட்டும். ஆனால் அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நனோமீற்றருக்கும் சிறியவை. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களின் பெரிய மூலக்கூறுகளுக்கு அந்த இடம் போதாது. விட்டுவிட்டோம்.

மிச்சம் இரண்டு சவ்வுகள். பொலிமர் சுருள் சவ்வு என்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை அடுக்கிச் சுருட்டியது; மலிவு, சின்ன இடத்தில் நிறையப் பரப்பு, சாயத்தையும் நன்றாகவே மறிக்கும். கரிச்சவ்வு என்பது பீங்கான் குழாயின் உட்புறம் பிசின் பூசி, காற்றுப்படாமல் சுட்டெடுத்த மெல்லிய கரிப்படலம். விலை கூட, தண்ணீரை வேகமாக ஓட்ட வேண்டியிருப்பதால் கரண்ட் பில்லும் கூட. அப்படியிருந்தும் அதைத்தான் வாங்கினோம்.

காரணம், கழுவும் வேலை. துணியை அவித்து மெழுகெடுத்த தண்ணீர் ஆறும்போது மேலே வெள்ளை ஆடை படியும். அகப்பையால் எவ்வளவு வழித்தாலும் கொஞ்சம் மெழுகு மிஞ்சி, சவ்வில் போய் ஒட்டும். பரபின் மெழுகு உருக ஏறத்தாழ 60 பாகை சூடு வேண்டும். சாதாரண சுருள் சவ்வு தாங்குவதோ 45 பாகை. ஒட்டிய மெழுகை உருக்கி எடுக்க வழியே இல்லை! பிரித்துத் தேய்க்கவும் முடியாது. உள்ளே இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, நூல் துணுக்கு சிக்கினால் சிக்கியதுதான்.

கரிக்குழாய்க்கு வெள்ளிதோறும் 80 பாகைச் சுடுநீரில் கோஸ்டிக் சோடா கரைத்து அரை மணி நேரம் ஓட்டுகிறோம். முதலில் பால்போலக் கலங்கி வரும், அப்புறம் தெளியும். குறைந்திருந்த ஓட்டம் திரும்பிவிடும். கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரையும் கிட்ட விடுவதில்லை.

சாயம் துணியில் பிடிக்கப் போடும் உப்பின் பெரும்பகுதி சவ்வைக் கடந்து வந்துவிடுகிறது. அதனால் தெளிந்த தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றாமல் அடுத்த சாயத்தொட்டிக்கே எடுக்கிறோம்; உப்புச் செலவும் குறைகிறது. மிஞ்சும் சாயக்குழம்பு கச்சான் காலத்து வெயிலில் வற்றிவிடும். மாரியில்தான் தொட்டியை மூடி வைத்துக் கஷ்டப்பட்டோம். இதுவரை ஒரு மாரிதான் கண்டிருக்கிறோம் என்பதால் குழாயின் ஆயுளைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன்.

மெழுகே தொடாமல் நூலுக்கு மட்டும் சாயம் போடுபவர் என்றால், சரி, சுருள் சவ்வையே வாங்கலாம். தண்ணீரை ஆறவிட்டு, துணுக்குப் பிடிக்க முன்னால் ஒரு பை வடிகட்டியும் வைத்துக்கொள்ளுங்கள்.