அபேட்டா, மீனா, மூடியா, புகையா? ராமநாதபுரக் கரையில் டெங்குக் கொசுவுக்கு எது சரிப்படும்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கடலோர ஊரில் டெங்கு பேச்சை எடுத்தாலும் கை முதலில் சாக்கடைப் பக்கம்தான் நீளும். சாக்கடையில் வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்ற வேறு கொசு. ராத்திரி காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும்; டெங்குவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டிக்கு நாம் குடிக்கிற, புழங்குகிற தண்ணீர்தான் பிடிக்கும். நம் ஊரில் அதற்குக் குறைவே இல்லை. நிலத்தடி நீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளும் நேரமும் தெருவுக்குத் தெரு மாறும். மிச்சத்துக்குத் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். அதனால் வாசலில் ஒரு நீல டிரம், கொல்லையில் இரண்டு, குளிக்கிற இடத்தில் ஒரு சிமென்ட் தொட்டி. 'தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்' என்று சுவரில் எழுதுவது சுலபம். இங்கே தேக்காமல் குடித்தனம் நடக்காது. தேக்கிய தண்ணீரில் கொசு பிறக்காமல் இருக்க நம் கையில் உள்ள வழிகளில் எது எங்கே பலிக்கும் என்பதுதான் கேள்வி.

என் கணக்கில் முதலிடம் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுவதற்கு. காரணம் முட்டையில் இருக்கிறது. பெண் கொசு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில் ஒட்டி வைக்கிறது. கறுப்புப் புள்ளி மாதிரி இருக்கும், அழுக்கு என்று விட்டுவிடுவோம். டிரம் காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அடுத்த முறை தண்ணீர் ஏறி அவற்றைத் தொட்டதும் புழு வெளியே வரும். நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வெறுமனே கவிழ்த்து ஊற்றினால் புழு போகும், முட்டை தங்கிவிடும். தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் எடுத்து, விளிம்பிலிருந்து அடி வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்புறம் கவிழ்த்துக் காய வைக்க வேண்டும்.

சரி, காசு கொடுத்து வாங்கிய தண்ணீரை யார் கொட்டுவார்கள்? கொட்டவே வேண்டாம். குழாயில் தண்ணீர் வருவதற்கு முதல் நாள் டிரம் எப்படியும் அடி தட்டியிருக்கும், அன்றைக்குக் கழுவினால் போதும். மிஞ்சியதைத் துணியில் வடிகட்டி வேறு குடத்துக்கு மாற்றிப் பாத்திரம் கழுவவோ செடிக்கோ வைத்துக்கொள்ளலாம். வடிகட்டிய துணியை மட்டும் வெயிலில் காயப் போடுங்கள், தண்ணீருக்குள் திரும்ப உதறாதீர்கள். பிளாஸ்டிக் டிரம்முக்கு இந்த முறை அருமை. சொரசொரப்பான சிமென்ட் தொட்டியில்தான் இது தடுமாறுகிறது. சுவரின் குழிகளில் முட்டை பதுங்கும். முழுதாக வற்றவைப்பதும் பெரிய வேலை.

மூடியும் துணியும் அடுத்து. டிரம்மோடு வந்த மூடி உப்புக் காற்றிலும் வெயிலிலும் ஒரு வருஷத்தில் கோணிப்போகிறது. ஹோஸ் நுழைய வெட்டிய ஓட்டை வேறு. விரல் நுழையும் இடைவெளி கொசுவுக்குக் கோபுர வாசல். பழைய வேட்டித் துணியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது உண்மையில் நல்ல மூடியைவிட மோசமில்லை. ஆனால் துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது, ஒவ்வொரு முறை மொண்டபின்னும் திரும்பக் கட்ட வேண்டும். நாளைக்குப் பத்து முறை திறக்கிற டிரம்மில் இது நடக்குமா என்றால், என் அனுபவத்தில் இல்லை. அதனால் அடிக்கடி புழங்கும் டிரம்மைக் கழுவுவதை நம்புங்கள், எப்போதோ தொடும் டிரம்மையும் மொட்டைமாடித் தொட்டியையும் மூடியை நம்பி விடுங்கள். மாடித் தொட்டியில் பலரும் மறப்பது வழிந்தோடும் குழாயின் வாய். அங்கே ஒரு துண்டு கொசுவலையைக் கம்பியால் கட்டினால் வேலை முடிந்தது.

வீடு வீடாகக் கொசு ஒழிக்க வரும் டெங்கு மஸ்தூர்கள் தண்ணீரில் ஊற்றும் அபேட் (டெமிஃபாஸ் என்ற புழுக்கொல்லி மருந்து) பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். 'விஷத்தைக் குடிநீரில் ஊற்றுகிறார்கள்' என்று கதவைச் சாத்துபவர்களுக்கு: குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் டெமிஃபாஸ் வரை போடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே அனுமதித்திருக்கிறது, அந்த அளவுக்குள்தான் ஊற்ற வேண்டும். அதற்காக நீங்களே கடையில் எதையாவது வாங்கி உத்தேசமாக ஊற்றாதீர்கள். மறுபக்கம், 'ஊற்றியாச்சு, இனிக் கவலையில்லை' என்பதும் தப்பு. அசையாமல் கிடக்கும் தண்ணீரில் மருந்து வாரக்கணக்கில் நிற்கும். தினமும் மொண்டு திரும்ப நிரப்பும் டிரம்மில் சீக்கிரம் நீர்த்துப்போகும். வாடை பிடிக்காமல் மஸ்தூர் தெரு திரும்பியதும் கொட்டிவிடும் வீடுகளும் உண்டு. சிமென்ட் தொட்டிக்கும், அடிக்கடி வற்றாத தரைத்தொட்டிக்கும் அபேட்தான் சரி. குடிக்கிற டிரம்முக்கு நார்தான்.

கம்பூசியா மீன் 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஒரு மீன் நாளைக்கு நூற்றுக்கும் மேல் புழு தின்னும். லேசாக உப்புக் கரிக்கும் கிணற்றிலும் தாக்குப்பிடிக்கும். புழக்கம் குறைந்த கிணறு, பாழடைந்த வீட்டுத் தொட்டி, இதற்கெல்லாம் இதைவிட மலிவான வழி கிடையாது. டிரம்மில் விட்டால் மூன்றாம் நாள் மொண்டுவிடுவீர்கள். ஊரணியில் தயவுசெய்து விடாதீர்கள். நம் நாட்டு மீன் குஞ்சையும் தவளைப் புழுவையும் சேர்த்துத் தின்றுவிடும், ஏடிஸுக்கு ஊரணி பிடித்தமான இடமும் இல்லை. 'எங்கள் கிணறு உப்பு, கொசு வராது' என்பவர்களுக்கு ஒரு தகவல்: எதிர்க்கரை யாழ்ப்பாணத்தில் உவர் கலந்த நீரிலும் இந்தக் கொசுவின் புழுக்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன.

புகை அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும், புழுவையும் முட்டையையும் தொடாது. ஏடிஸ் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணி மறைவிலும் இருக்கும். நாமோ புகை வண்டி வந்ததும் கதவைச் சாத்துகிறோம். மிச்சத்தைக் கடல்காற்று கொண்டுபோகும். தெருவில் பலருக்கு ஒரே சமயத்தில் காய்ச்சல் கண்டிருக்கும்போது, கதவைத் திறந்து வைத்து அடித்தால் பலன் உண்டு. மற்றபடி அது ஊருக்கு ஒரு ஆறுதல்.

வீட்டுக்கு வெளியே நம் கரைக்கே உரிய சில இடங்கள் இருக்கின்றன. படகின் விலாவில் முட்டுக்கு மாட்டும் பழைய டயர். கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் அடிப்பள்ளம். உடைந்த தெர்மாகோல் மீன்பெட்டி. நுங்குக் கோம்பை, தேங்காய்ச் சிரட்டை. ஐப்பசி மழை பிடித்ததும் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் நிற்கும். டயருக்கு ஒரே மருந்து, அடிப்பக்கம் ஓட்டை போடுவது. மற்றவற்றைக் கவிழ்க்கலாம், குப்பையில் சேர்க்கலாம்.

உடம்பைக் காப்பதில் சுருளா, லிக்விடா, வலையா என்று கேட்டால் வலைதான். ஆனால் பகலில். ஏடிஸ் விடிந்த கொஞ்ச நேரத்திலும் பொழுது சாய்வதற்கு முன்னாலும் மும்முரமாகக் கடிக்கும். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு விடியலில் கரை திரும்புகிறவர் தூங்குவது அந்த நேரத்தில்தான். வீட்டில் இருக்கும் ஒற்றை வலை ராத்திரிக்கு மட்டும் விரிக்கப்பட்டு, காலையில் மடித்து வைக்கப்படுகிறது. பகல் தூங்குபவருக்கும் கைக்குழந்தைக்கும் வலை வேண்டும். காய்ச்சல் கண்டவருக்கு இன்னும் முக்கியம். முதல் ஐந்து நாள் அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகும். சுருள்புகை மூடிய அறையில் இருமலைக் கொடுக்கும், அதனால் லிக்விடுக்கு இரண்டாமிடம்.

காய்ச்சலே வந்துவிட்டால் நிலவேம்புக் குடிநீரா, பப்பாளி இலைச் சாறா, மாத்திரையா? நிலவேம்பு குடிப்பதால் கொசு கடிக்காமல் இருக்காது. டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து எந்த முறையிலும் இன்றுவரை புழக்கத்தில் இல்லை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், கூடவே கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல். உடம்பு வலிக்கிறது என்று ஆஸ்பிரினோ இபுப்ரோஃபனோ கேட்டு வாங்கினால் ரத்தக்கசிவை நாமே கூப்பிட்ட மாதிரி. சோதனையிலும் நாள் பார்க்க வேண்டும்: முதல் ஐந்து நாளுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1, அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். இரண்டாம் நாள் ஐ.ஜி.எம் எடுத்து 'இல்லை' என்று வந்ததை நம்பி இருந்துவிடக் கூடாது. டெங்குவில் நான்கு வகை உண்டு. முன்பு ஒரு வகை வந்தவருக்கு இன்னொரு வகை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும்போதுதான் ஆபத்தான கட்டம். சூடு தணிந்தது என்று கடலுக்கோ பள்ளிக்கோ அனுப்பாதீர்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, சுருண்டு படுத்துவிடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான். நடுராத்திரி என்றாலும் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்; 108-ஐக் கூப்பிடுங்கள்.