குடோனில் விஎல்எம் போட்டு ஒன்றரை வருடம்: என் அனுபவம்

திருப்பூரில் பனியன், டிராக் பேண்ட், குழந்தைகள் உடுப்பு தைத்து ஆன்லைனில் விற்கிறோம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் குடோனில் வெர்டிகல் லிஃப்ட் மாட்யூல், சுருக்கமாக விஎல்எம் என்பார்களே, சரக்கை உள்ளே அடுக்கி வைத்துக் கேட்டதைத் தானாக எடுத்துக் கொடுக்கும் மெஷின், அது ஒன்று போட்டோம். வாங்கலாமா என்று ஊரில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் மொத்தமாக எழுதிவிடுகிறேன். எந்த கம்பெனி மெஷின் என்று சொல்லவில்லை, இந்த வகை மெஷினே நம் தொழிலுக்கு ஒத்துவருமா என்பதுதான் விஷயம்.

எங்களிடம் மாடல் 25தான். ஆனால் ஒரு மாடலுக்கு எட்டு கலர், ஐந்து சைஸ். பெருக்கினால் ஆயிரம் வகை. மொத்த வியாபாரத்தில் இது ஒரு பிரச்சினையே கிடையாது, பேல் கட்டி லாரியில் ஏற்றினால் வேலை முடிந்தது. ஆன்லைனில் ஒருவருக்கு நேவி புளூ எக்ஸ்எல் ஒரே ஒரு பீஸ், அடுத்தவருக்கு மெரூன் எம் ஒரு பீஸ், இப்படி நாளைக்கு முந்நூறு ஆர்டர் வந்தபோது குடோனில் பதினொரு வருடமாக இருக்கும் அண்ணன் ஒருவரின் ஞாபகத்தில்தான் எல்லாம் ஓடியது. எந்த ரேக்கில் எந்தக் கட்டுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆர்டர் அறுநூறைத் தாண்டிய சமயத்தில் அவர் மகளுக்குக் காதுகுத்து என்று மூன்று நாள் ஊருக்குப் போனார். அந்த மூன்று நாளும் நாங்கள் பட்ட பாடு! எல் கேட்டவருக்கு எம் போனது, வண்டி வந்து நிற்கிறது, பாதி பார்சல் தயாராகவில்லை. ஒரு மனிதரின் தலைமேல் இவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோமே என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். வெளியே இருந்து பார்த்தால் ஏழு மீட்டர் உயர இரும்பு பீரோ மாதிரி இருக்கும். உள்ளே முன்வரிசை, பின்வரிசை என்று இரண்டு அடுக்கு டிரேக்கள், நடுவில் ஏறி இறங்கும் லிஃப்ட். பார்கோடை ஸ்கேன் செய்தால் லிஃப்ட் போய் அந்த டிரேயை இழுத்துக்கொண்டு வந்து இடுப்பு உயரத்தில் இருக்கும் வாசலில் வைக்கிறது. திரும்ப அனுப்பும்போது சரக்கு எவ்வளவு உயரம் இருக்கிறது என்று சென்சார் அளந்து, அதற்குப் பொருந்தும் இடைவெளியில் சொருகிவிடும், வீண் இடமே கிடையாது. எங்களுடையதில் 42 டிரே, ஒன்றுக்கு 24 அறை பிரித்திருக்கிறோம். முன்பு ரேக் வரிசைகள் அடைத்த இடத்தை இப்போது ஒரு கார் நிறுத்தும் இடத்துக்குள் அடக்கிவிட்டோம். ஏணி போட்டு ஏறி மேல் ரேக்கைத் துழாவுவது நின்றதே, குடோனில் வேலை பார்க்கும் பெண்களுக்கு முதல் நிம்மதி அதுதான்.

வாங்குவதற்கு முன் ரோபோ வீடியோ நிறையப் பார்த்தோம். அமேசான் 2012இல் கிவா சிஸ்டம்ஸ் கம்பெனியை 77.5 கோடி டாலர் கொடுத்து வாங்கிய பிறகுதான், அலமாரியே ஆளைத் தேடி வரும் அந்த முறை எல்லோர் கண்ணிலும் பட்டது. நார்வேயின் ஆட்டோஸ்டோர் இன்னொரு வகை, பெட்டிகளைக் கிணறு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஓடும் ரோபோக்கள் எடுத்துக் கொடுக்கும். அருமையான யோசனைதான். ஆனால் அதெல்லாம் நாளைக்குப் பல்லாயிரம் ஆர்டர் பார்க்கிறவர்களுக்கு. தவிர எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. இங்கிலாந்தில் ஒகாடோ என்ற ஆன்லைன் மளிகைக் கம்பெனியின் ஆண்டோவர் ரோபோ குடோன் 2019 பிப்ரவரியில் தீயில் அழிந்தது, 2021 ஜூலையில் தென்கிழக்கு லண்டனில் இருக்கும் எரித் குடோனில் மூன்று ரோபோக்கள் மோதித் தீப்பிடித்தது. நாம் வைத்திருப்பது துணி. அதனால் விஎல்எம் எடுக்கும்போதும், உள்ளே புகை வந்தால் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, கரண்ட் தானாகத் துண்டிக்கப்படுமா என்றுதான் முதலில் கேட்டேன். நீங்களும் கேளுங்கள், விற்பவர் தானாகச் சொல்லமாட்டார்.

கொட்டேஷனில் வராத செலவு நிறைய. எங்கள் பழைய தரை இந்தப் பாரத்தைத் தாங்காது என்று உடைத்துக் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் போட்டோம், அது பலம் பிடிக்க 28 நாள் காத்திருந்தோம். தரை, கரண்ட் வேலை, ஆர்டர் எடுக்கும் மென்பொருளோடு இணைப்பது எல்லாம் சேர்த்து மெஷின் விலையில் ஆறில் ஒரு பங்கு தனியாகப் போனது. அதைவிடப் பெரிய வேலை ஸ்டாக் எண்ணுவது. ஒவ்வொரு பீஸுக்கும் பார்கோடு ஒட்டி எண்ணி முடிக்க மூன்று வாரம். கணக்குக்கும் கையிருப்புக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கணக்கு தப்பாக இருந்தால் மெஷின் காலி அறையை அழகாகக் கொண்டுவந்து காட்டும், அவ்வளவுதான்.

முதல் மாதம் ஒரு பெரிய தப்பு செய்தோம். எல்லா வகையையும் மெஷினுக்குள் வைத்தோம். ஒரு டிரே போய் அடுத்தது வர முக்கால் நிமிடம் ஆகிறது, வாசலோ ஒன்றுதான். ஆர்டர் வந்த வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்தால் பழைய ரேக்கே தேவலாம் என்று ஆகிவிட்டது. அப்புறம் இரண்டு மாற்றம் செய்தோம். தினமும் ஓடுகிற கறுப்பு, வெள்ளை, நேவி புளூ ரகங்கள் நூறை வெளியே எடுத்து பேக்கிங் டேபிள் பக்கத்திலேயே சாதாரண ரேக்கில் வைத்தோம். மீதி தொள்ளாயிரம், வாரத்துக்கு ஒன்றிரண்டு போகிற ரகங்கள், அவை மட்டும் உள்ளே. முப்பது ஆர்டரை ஒன்றாகச் சேர்த்து டிரே வாரியாகப் பிரித்துத் தரும்படி மென்பொருளையும் மாற்றினார்கள். ஒரு டிரே ஒரு தடவைதான் வரும், அதிலிருந்து வேண்டிய எல்லாவற்றையும் எடுத்து முப்பது அறை உள்ள அலமாரியில் போட்டுவிடுவோம். வேகம் வந்தது அதற்குப் பிறகுதான். போன தீபாவளிக்கு நாளைக்கு ஆயிரத்து நானூறு ஆர்டர் வரை அதே ஆட்களோடு அனுப்பினோம், சைஸ் மாறிப் போவது ஏறக்குறைய நின்றேவிட்டது.

ரிட்டர்ன் விஷயத்தில் இந்த மெஷினை நான் மனதாரப் பாராட்டுவேன். துணி வியாபாரத்தில் ரிட்டர்ன் தவிர்க்க முடியாதது, திரும்பி வந்த பீஸ் முன்பெல்லாம் ஒரு மூலையில் மூட்டையாகக் கிடந்து சீசனே முடிந்துவிடும். இப்போது பிரித்துப் பார்த்து, சரியாக இருந்தால் ஸ்கேன் செய்தவுடன் அதற்குரிய அறை வந்து நிற்கிறது, அன்றைக்கே மறுபடி விற்பனைக்குப் போய்விடுகிறது. பிக்கிங்கில், அதாவது ஆர்டருக்குச் சரக்கு எடுக்கும் வேலையில் இருந்த இரண்டு பெண்களும் இப்போது இந்த வேலையைத்தான் பார்க்கிறார்கள். முதல் நாள் அவர்களில் ஒருவர், "அக்கா, நாம தேடிப் போக வேண்டாம், அதுவே தேடி வருதுங்க" என்றார். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை, அந்த அண்ணனும் இப்போது ஸ்டாக் பொறுப்பில் இருக்கிறார், லீவு கேட்டால் தயங்காமல் கொடுக்கிறேன்.

குறைகளும் உண்டு. பாலிபேக்கின் ஓரம் டிரேக்கு வெளியே துளி நீட்டினாலும் சென்சார் ஒளியை மறித்து மெஷின் நின்றுவிடும். நம் ஊர் பஞ்சுத் தூசி படிந்தாலும் அதே கதை, தினமும் காலையில் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். கரண்ட் போனால் டிரே பாதி வழியில் நிற்கும், ஜெனரேட்டர் வரும்வரை கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இல்லையென்றால் எது எங்கே என்ற பதிவே குழம்பும். எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் சர்வீஸில்தான். ஆடி ஆஃபர் நேரத்தில் ஒரு சென்சார் போனது, ஒன்பது நாள் கழித்துத்தான் மாற்றுப் பொருள் வந்தது. தொள்ளாயிரம் ரகச் சரக்கு உள்ளே பூட்டிக்கிடக்க, கையால் லிஃப்டை நகர்த்தி ஒவ்வொரு டிரேயாக இறக்கினோம். வாங்கும்போது இனித்துப் பேசியவர்கள் அந்த ஒன்பது நாளும் போனை எடுக்கவே யோசித்தார்கள்.

நாளைக்கு இருநூறு ஆர்டருக்குள் இருப்பவர்கள், பத்து ரகம் மட்டும் வேகமாக விற்பவர்கள் இதை வாங்க வேண்டாம், நல்ல ரேக்கும் பார்கோடு ஸ்கேனரும் போதும். வகை நிறைய, ஒவ்வொன்றிலும் பீஸ் கொஞ்சம், இடம் நெருக்கடி என்றால் தாராளமாக யோசிக்கலாம். ஏஎம்சி என்கிற வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மட்டும் சென்சார் இரண்டு, பெல்ட் ஒன்று உங்கள் குடோனிலேயே இருப்பு வைக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.