துப்பாக்கி உரிமை இயக்கம் ஏறுகிறதா, இறங்குகிறதா? சட்டமன்றக் கணக்கும் நீதிமன்றக் கணக்கும்

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஓட்டுரிமையோடு வாழ்பவன். துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2019-இல் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டியவன். அந்த வருஷம் மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் ஆளுநர் கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடர், ஒரு மசோதாவையும் வாக்கெடுப்புக்கு விடாமல் ஒன்றரை மணி நேரத்தில் கலைந்தது. அதற்கு முன்பு, 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையத்துக்காரரான பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். எங்கள் வீட்டில் துப்பாக்கி பற்றிப் பேச்சு வந்தால் அவர் பெயரும் கூடவே வந்துவிடும்.

2019-இல் என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன: வாஷிங்டனில் நாடாளுமன்றத்தை நெருக்குவது, அல்லது ரிச்மண்டில் மாநிலச் சட்டமன்றத்தை மாற்றுவது. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும், 2013-இல், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைப் பார்க்கச் சொன்ன வெறும் பின்னணிச் சரிபார்ப்பு மசோதா செனட்டில் 54 ஓட்டோடு நின்றுபோனது. 60 வேண்டியிருந்தது. அதனால் ரிச்மண்டைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது மறுபடியும் சனிக்கிழமைகளை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்ய வேண்டி வந்தது. அதற்காகத்தான் சட்டமன்றக் கணக்கு, நீதிமன்றக் கணக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

துப்பாக்கி உரிமை இயக்கம் இறங்குகிறது என்பவர்கள் சொல்லும் காரணங்கள் ஊரறிந்தவை. அந்த இயக்கத்தின் பெரிய அமைப்பான தேசிய ரைஃபிள் சங்கம் வழக்குகளில் நொந்துபோனது. அதன் நீண்டகாலத் தலைவர் வெய்ன் லாபியர் 2024 ஜனவரியில் விலகினார். 2022-இல் உவால்டே பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு, ஏறக்குறைய 30 வருஷத்தில் முதல்முறையாக ஒரு பெரிய கூட்டாட்சிச் சட்டம் இரு கட்சி ஆதரவோடு நிறைவேறியது. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதும் ஆளிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் ‘சிவப்புக் கொடி’ சட்டம் 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு வந்துவிட்டது. வேட்டை ஊறிய மெய்ன் மாநிலத்தின் மக்களும் 2025 நவம்பரில் அதற்கு நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். எங்கள் வர்ஜீனியாவிலும் 2020-இல் தனியார் விற்பனைக்குப் பின்னணிச் சரிபார்ப்பு, மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி என்ற வரம்பு, சிவப்புக் கொடி என வரிசையாகச் சட்டங்கள் வந்தன. அந்த வசந்த காலத்தில் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

சரி, மறுபக்கம். 2020 ஜனவரி 20 அன்று ரிச்மண்டில் ஒரு தெருமுனையில் நின்று துப்பாக்கி உரிமைக்காரர்களின் கூட்டத்தைப் பார்த்தேன். சுமார் 22,000 பேர். சட்டமன்ற வளாகத்துக்குள் ஆயுதம் கூடாது என்று ஆளுநர் உத்தரவிட்டிருந்ததால், பெரும்பாலோர் வேலிக்கு வெளியே ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு குளிரில் நின்றார்கள். ‘துப்பாக்கி உயிர் காக்கும்’ என்ற ஆரஞ்சு வில்லை ஒட்டாத கோட்டே இல்லை. கூட்டம் முடிந்ததும் குப்பையைக்கூட அவர்களே பொறுக்கினார்கள். சரியாக நாலு வாரம் கழித்து, தாக்குதல் ரக துப்பாக்கித் தடை மசோதாவை மாநில செனட் குழு கிடப்பில் போட்டது. அதற்கு ஓட்டுப் போட்டவர்களில் நாலு பேர் எங்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அன்று அங்கே தேசிய ரைஃபிள் சங்கம் முன்னணியில் இல்லை. கூட்டத்தைக் கூட்டியது ஒரு மாநில அமைப்பு. சங்கம் சரிந்தால் இயக்கமும் சரியும் என்ற கணக்கு எனக்கு அங்கேயே தப்பாகத் தெரிய ஆரம்பித்தது.

மாநிலங்களின் எண்ணிக்கையிலும் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது. லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற மாநிலங்கள் 2003-இல் வெர்மாண்ட், அலாஸ்கா என இரண்டுதான். 2021-இல் டெக்சாஸ், 2023-இல் ஃப்ளோரிடா என்று சேர்ந்து 2024-இல் 29 ஆகிவிட்டது. கேலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில் கைத்துப்பாக்கித் தடையை ஆதரித்தவர்கள் 1959-இல் 60 சதவீதம், 2024-இல் 20 சதவீதம். இன்னும் கடுமையான சட்டம் வேண்டும் என்பவர்கள் பாதிக்கு மேல் இருப்பதும் உண்மைதான். ஆனால் இந்த ஒரே காரணத்துக்காக ஓட்டை மாற்றுகிறவர்கள் அந்தப் பக்கம்தான் அதிகம் என்பது, கதவு தட்டியதில் எனக்குப் பட்டது. நான் தட்டியவை எல்லாம் வாஷிங்டனை ஒட்டிய புறநகர்க் கதவுகள். தென்மேற்கு மலைப்பக்கம் நான் போனதில்லை, அங்கே இது இன்னும் கூடுதலாகவே இருக்கலாம்.

இதையெல்லாம்கூட ஒதுக்கி வைக்கலாம். என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: கிடைத்த வெற்றி எத்தனை வருஷம் நிற்கும்?

சட்டமன்றத்தில் ஜெயிப்பதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காப்பாற்ற வேண்டியிருக்கிறது. 2021-இல் நாங்கள் கீழவையையும் ஆளுநர் பதவியையும் இழந்தோம். 2024-இல் குடியரசுக் கட்சி ஆளுநர் யங்கின் ஒரே வீச்சில் 30 துப்பாக்கி மசோதாக்களை வீட்டோ செய்தார். 2025 நவம்பரில் எங்கள் கட்சியின் ஸ்பான்பெர்கர் ஆளுநர் தேர்தலில் ஜெயித்ததும் அந்த வீட்டோ பேனா கை மாறியது. உச்ச நீதிமன்ற வெற்றிக்கு இந்தப் பாடு கிடையாது. ஹெல்லர் வழக்கில் 2008-இல் 5-4 என்று வந்த தீர்ப்பு, வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதைத் தனிமனித உரிமையாக்கியது. 2022 ஜூனில் புரூன் வழக்கில் 6-3. துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்ல நியூயார்க்கில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்த கட்டுப்பாடு அன்று விழுந்தது. கூடவே ஒரு புது அளவுகோலும் வந்தது: எந்தத் துப்பாக்கிச் சட்டமானாலும் நாட்டின் பழைய ஒழுங்குமுறை மரபோடு ஒத்துப்போகிறது என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். எத்தனை உயிரைக் காக்கும் என்று காட்டினால் போதாது. ராஹிமி வழக்கில் 2024-இல் 8-1 என்று கொஞ்சம் தளர்த்தினார்கள், குடும்ப வன்முறைத் தடை உத்தரவு உள்ளவரிடம் துப்பாக்கி கூடாது என்பது தப்பியது. ஆனால் அளவுகோல் அப்படியே இருக்கிறது.

எங்கள் மாநிலமும் மேரிலாந்தும் வருவது ஒரே கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ். அது மேரிலாந்தின் தாக்குதல் ரக துப்பாக்கித் தடையை 2024-இல் ஏற்றுக்கொண்டது. அப்புறம் 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. ஒரு வழக்கை எடுக்க நாலு நீதிபதிகள் வேண்டும். தாமஸ், அலிட்டோ, கோர்சச் மூவரும் எடுக்கலாம் என்றார்கள். கவனா இப்போது வேண்டாம், ஆனால் ஓரிரு ஆண்டில் எடுத்தாக வேண்டும் என்று எழுதிவைத்தார். ரிச்மண்டில் நாங்கள் எந்தத் தடையை நிறைவேற்றினாலும் அது இந்த வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எனவே, துப்பாக்கி உரிமை இயக்கம் ஏறுகிறது என்பதே என் முடிவு. மனசுக்குக் கசப்பான முடிவுதான்.

2019 அக்டோபரில் ஒரு ஓய்வுபெற்றவர் கதவைத் திறந்தார். பொறுமையாகக் கேட்டார். “2016-இல் ட்ரம்ப்பை எனக்குப் பிடிக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்கேலியாவின் இடம் காலியாக இருந்தது, அதற்காகத்தான் அவருக்கு ஓட்டுப் போட்டேன்” என்றார். நன்றி சொல்லிவிட்டு, தாளில் ‘எதிர்ப்பு’ என்று குறித்து அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன். அன்று எங்களுக்குக் கொடுத்திருந்த பேச்சுக் குறிப்பில் நீதிபதிகளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

நீதிபதிகளை உறுதிசெய்வது செனட். தாமஸ் பிறந்தது 1948, அலிட்டோ 1950; அவர்கள் இடம் எப்போது வேண்டுமானாலும் காலியாகலாம். வர்ஜீனியாவின் செனட் இடம் ஒன்றுக்கு 2026 நவம்பரில் தேர்தல். என் சனிக்கிழமைகளை இந்த முறை அதற்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். குறிப்புத் தாளின் அடியில், நீதிபதிகளைப் பற்றிய அந்த வரியை என் கையாலேயே எழுதிச் சேர்த்திருக்கிறேன்.